விலைக் கணக்கும் இரு சமன்பாடுகளும்: வாசகர் கேள்வி–பதில்

பொருள்களின் விலையைக் கேட்கும் வாக்கியக் கணக்குகளைச் சமன்பாடுகளாக்கித் தீர்ப்பது பற்றி வந்த கடிதங்களில் சில இம்முறை இடம்பெறுகின்றன. பாடநூல்களில் எக்ஸ், ஒய் என்று வரும் மாறிகளை இங்கே க, ப என்று குறித்திருக்கிறேன். தீர்க்கும் முறையில் அதனால் மாற்றம் ஏதும் இல்லை.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். இரண்டு சமன்பாடுகளைக் கொடுத்துவிட்டால் நீக்கல் முறையில் பிழையில்லாமல் தீர்த்துவிடுகிறாள். ஆனால், ‘மூன்று நோட்டும் இரண்டு பேனாவும் சேர்ந்து 170 ரூபாய், ஒரு நோட்டின் விலை ஒரு பேனாவின் விலையைப் போல் ஐந்து மடங்கு’ என்பது போன்ற கணக்குகளில் முதல் சமன்பாட்டைச் சரியாக எழுதிவிட்டு இரண்டாவதைத் தலைகீழாக எழுதுகிறாள். எத்தனை முறை திருத்தினாலும் இதே பிழை திரும்ப வருகிறது. என்ன செய்யலாம், ஐயா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தங்கள் மகளின் தடுமாற்றம் இயற்கணிதத்தில் இல்லை, அதற்கு முன்பு எழுதியிருக்க வேண்டிய, ஆனால் எழுதாமல் விட்ட ஒரு வரியில் இருக்கிறது. க என்று எழுதும்போது அது எதைக் குறிக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ‘க என்றால் நோட்டு’ என்ற பதில் வரக்கூடும். அப்படி நினைக்கும் பிள்ளைக்கு 3க + 2ப = 170 என்பது ‘மூன்று நோட்டும் இரண்டு பேனாவும் 170’ என்ற வாக்கியத்தின் சுருக்கெழுத்தாகவே தோன்றும். அந்தச் சமன்பாடு சரியாகவும் அமைந்துவிடும். தவறான எண்ணத்திலிருந்து சரியான சமன்பாடு பிறந்துவிடுவதால்தான், அடுத்த வரியில் பிழை நேரும்போது அதன் காரணம் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது வாக்கியத்தைப் பாருங்கள். ‘நோட்டுதான் ஐந்து மடங்கு’ என்று மனத்தில் நிற்பதால், 5 என்ற எண்ணை நோட்டுக்குரிய எழுத்தோடு ஒட்டி 5க = ப என்று எழுதத் தோன்றுகிறது. க என்பது நோட்டாக இருந்தால் அதில் ஒரு குறையும் தெரியாது. க என்பது ஒரு நோட்டின் விலையாக இருந்தால், விலை குறைந்த பேனாவின் பக்கத்தைத்தான் ஐந்தால் பெருக்க வேண்டும், அப்போதுதான் இரு பக்கமும் சமமாகும் என்பது விளங்கும்: க = 5ப. இது சிறுபிள்ளைகளின் பிழை மட்டுமன்று. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ‘பேராசிரியர் ஒருவருக்கு ஆறு மாணவர்கள் வீதம் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுக’ என்று முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டபோது, மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் தவறாக எழுதினார்கள், அவர்களில் பெரும்பாலோர் எழுதியது இதே தலைகீழ்ச் சமன்பாடுதான்.

ஆகவே, கணக்கைத் தொடங்குமுன் ‘க = ஒரு நோட்டின் விலை, ரூபாயில்’, ‘ப = ஒரு பேனாவின் விலை, ரூபாயில்’ என்ற இரண்டு வரிகளை முழுமையாக எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்று பழக்குங்கள். பிறகு ஒவ்வொரு சமன்பாட்டையும் எழுதி முடித்ததும், அதன் இடப்பக்கம் ரூபாயா, வலப்பக்கம் ரூபாயா என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்று நோட்டை ஒரு நோட்டின் விலையால் பெருக்கினால் ரூபாய் வரும், இரண்டு பேனாவை ஒரு பேனாவின் விலையால் பெருக்கினாலும் ரூபாய் வரும், 170-உம் ரூபாய். ‘விலை எவ்வளவு’ என்ற கேள்வியும் ‘எத்தனை வாங்கினார்’ என்ற கேள்வியும் ஒரே கணக்கில் கலந்து வரும்போது இந்தச் சோதனை பெரிதும் உதவும். மடங்கு தலைகீழாவதை மட்டும் இந்தச் சோதனை கண்டுபிடிக்காது, ஏனெனில் 5க = ப என்பதிலும் இரு பக்கமும் ரூபாய்தான். அதற்கு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். பேனா 10 ரூபாய் என்று வைத்தால் நோட்டு 50 ரூபாயாக வேண்டும். ஐந்தை 50-ஆல் பெருக்கினால் 10 வருமா? இந்த ஒரு கேள்வி போதும்.

தங்கள் கணக்கில் க-வுக்குப் பதிலாக 5ப என்று இட்டால் 17ப = 170; பேனா 10 ரூபாய், நோட்டு 50 ரூபாய். தலைகீழாக எழுதியிருந்தால் நோட்டு ஏறத்தாழ 13 ரூபாய், பேனா ஏறத்தாழ 65 ரூபாய் என்று வந்திருக்கும். நோட்டைவிடப் பேனா விலை அதிகமாக வந்த அந்த விடையே கணக்கின் வாக்கியத்துக்கு முரணாக நிற்கிறது. விடை வந்ததும் அதைச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்ப்பது வழக்கம். ஆனால் சமன்பாடே தவறாக இருக்கும்போது அதில் இட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். சரிபார்க்க வேண்டியது கேள்வியின் வாக்கியத்தில்.

பயிற்சிக்கு ஒரு பழைய கணக்கு தருகிறேன். இரண்டாம் பாஸ்கரர் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய பீஜகணிதத்தில் இது வருகிறது. ஒருவரிடம் 300 நாணயங்களும் ஆறு குதிரைகளும் உள்ளன. மற்றொருவரிடம் அதே விலையுள்ள பத்துக் குதிரைகள் உள்ளன, ஆனால் அவருக்கு 100 நாணயம் கடன் இருக்கிறது. இருவரின் செல்வமும் சமம் எனில் ஒரு குதிரையின் விலை என்ன? மாறி ஒன்றுதான். கடனை எந்தப் பக்கம், என்ன குறியோடு எழுதுவது என்பதில்தான் கணக்கின் உயிர் இருக்கிறது. 300 + 6க = 10க – 100 என்று மகள் தானாக எழுதிவிட்டால், குதிரையின் விலை 100 என்பது தானே வந்துவிடும்.

கேள்வி: நீக்கல் முறை, பிரதியிடல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை, வரைபட முறை என்று நான்கு படிக்கிறோம். விலைக் கணக்குகளுக்கு எது சிறந்தது?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: ஒரு சமன்பாட்டில் ஒரு மாறி தனியாக நின்றால், அதாவது ‘இதைப் போல் ஐந்து மடங்கு’, ‘இதைவிட 40 ரூபாய் அதிகம்’ என்று கொடுத்திருந்தால், பிரதியிடல் எளிது. இரண்டு வாக்கியங்களும் ‘இத்தனை இது, இத்தனை அது, மொத்தம் இவ்வளவு’ என்று ஒரே அமைப்பில் இருந்தால் நீக்கல் எளிது. வரைபடம், விடை காண்பதைவிட, விடை ஏன் கிடைக்கிறது அல்லது ஏன் கிடைக்கவில்லை என்று காண்பதற்கே அதிகம் பயன்படும்.

ஆனால் முறையைத் தேர்ந்தெடுக்குமுன் கெழுக்களை, அதாவது மாறிகளைப் பெருக்கி நிற்கும் எண்களை, சற்றே உற்றுப் பார்ப்பது நல்லது. ஏறத்தாழ கி.பி. 850-இல், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், சமணரான மகாவீரர் கணிதசாரசங்கிரகம் என்ற நூலைச் சமஸ்கிருதத்தில் எழுதினார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த எம். ரங்காசாரியார் அதைப் பதிப்பித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1912-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. அதில் ஒரு விலைக் கணக்கு: 9 நார்த்தங்கனிகளும் மணமுள்ள 7 விளாம்பழங்களும் சேர்ந்து 107, 7 நார்த்தங்கனிகளும் 9 விளாம்பழங்களும் சேர்ந்து 101, ஒவ்வொன்றின் விலையையும் விரைந்து சொல்.

க நார்த்தங்கனியின் விலை, ப விளாம்பழத்தின் விலை என்றால் 9க + 7ப = 107, 7க + 9ப = 101. நீக்கல் முறையை இயந்திரம்போல் செய்பவர் முதல் சமன்பாட்டை 7-ஆலும் இரண்டாவதை 9-ஆலும் பெருக்கி, 749, 909 என்ற எண்களோடு போராடுவார். கெழுக்கள் இடம் மாறி நிற்பதைக் கவனித்தவர் இரண்டையும் கூட்டுவார்: 16க + 16ப = 208, எனவே க + ப = 13. பிறகு கழிப்பார்: 2க – 2ப = 6, எனவே க – ப = 3. இரண்டையும் மனத்திலேயே சேர்த்தால் க = 8, ப = 5. கூட்டிக் கிடைத்த 13-க்கு ஒரு பொருளும் உண்டு: அது ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கினால் ஆகும் தொகை. ஒவ்வோர் இடைவரிக்கும் இப்படிக் கடைப் பொருள் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது, குறிப் பிழைகளை அங்கேயே பிடித்துவிடும்.

மகாவீரர் இத்தகைய கணக்குக்கு ஒரு விதியும் தருகிறார். பெரிய தொகையைப் பெரிய எண்ணிக்கையாலும் சிறிய தொகையைச் சிறிய எண்ணிக்கையாலும் பெருக்கிக் கழித்து, எண்ணிக்கைகளின் வர்க்கங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 107 × 9 = 963; 101 × 7 = 707; வித்தியாசம் 256. 81 – 49 = 32. 256-ஐ 32-ஆல் வகுத்தால் 8. பெருக்கும் எண்களை மாற்றிப் போட்டால் 909 – 749 = 160; 32-ஆல் வகுக்க 5. குறுக்குப் பெருக்கல் முறையில் தாங்கள் மனப்பாடம் செய்யும் வாய்பாடு, கெழுக்கள் இவ்வாறு இடம் மாறி நிற்கும்போது சுருங்கி இந்த விதியாகிவிடும். செய்து பாருங்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேரனுக்கு மாறிகளே இல்லாமல் இத்தகைய கணக்கைச் சொல்லித்தர முடியுமா? ‘நாடகத்துக்குப் பெரியவர் கட்டணம் 50 ரூபாய், சிறுவர் கட்டணம் 20 ரூபாய், 340 பேர் வந்தார்கள், 12,800 ரூபாய் வசூல்’ என்பது கணக்கு.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக முடியும். வந்த 340 பேரும் சிறுவர்கள் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வசூல் 6,800 ரூபாய்தான் ஆகியிருக்கும். உண்மையில் 6,000 ரூபாய் கூடுதலாக வந்திருக்கிறது. ஒரு சிறுவரை எடுத்துவிட்டு ஒரு பெரியவரை உட்காரவைத்தால் வசூல் 30 ரூபாய் உயரும். 6,000-ஐ 30-ஆல் வகுத்தால் 200. அத்தனை பேர் பெரியவர்கள், மீதி 140 பேர் சிறுவர்கள். பேரன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து, பெரியவர்கள் க, சிறுவர்கள் ப என வைத்து க + ப = 340, 50க + 20ப = 12,800 என்று எழுதி, முதல் சமன்பாட்டை 20-ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழிக்கும்போது, இதே 6,800-ஐயும் 6,000-ஐயும் 30-ஐயும் வரிசையாகச் சந்திப்பான்.

கேள்வி: சிறிய உணவகம் ஒன்று நடத்துகிறேன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கும் மண்டியில் மொத்தத் தொகையை மட்டும் சீட்டில் எழுதித் தருகிறார்கள். ஒரே நாளில் காலையில் 10 கிலோ வெங்காயமும் 9 கிலோ உருளைக்கிழங்கும் 590 ரூபாய்க்கு வந்தன. மாலையில் 9 கிலோ வெங்காயமும் 8 கிலோ உருளைக்கிழங்கும் 529 ரூபாய்க்கு வந்தன. விலை மாறவில்லை என்றார்கள். சமன்பாடு போட்டுப் பார்த்தால் வெங்காயம் 41, உருளைக்கிழங்கு 20 என்று வருகிறது. ஆனால் அன்று இரண்டும் முப்பதை ஒட்டித்தான் விற்றன. கணக்கில் பிழையா, மண்டியில் பிழையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தாங்கள் போட்ட கணக்கு சரி; 410 + 180 = 590, 369 + 160 = 529. மண்டியில் ஏமாற்றினார்கள் என்றும் இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. வெங்காயம் கிலோ 32, உருளைக்கிழங்கு கிலோ 30 என்று வைத்துப் பாருங்கள். காலைச் சீட்டு 320 + 270 = 590 என்று அப்படியே பொருந்துகிறது. மாலைச் சீட்டு 288 + 240 = 528 ஆகியிருக்க வேண்டும். எடை சற்றே கூடியோ, சில்லறைக்காக முழுமையாக்கியோ ஒரு ரூபாய் கூடினால் போதும், தங்களுடைய விடை 32-லிருந்து 41-க்கும், 30-லிருந்து 20-க்கும் தாவிவிடும்.

ஒரு ரூபாய் எப்படி ஒன்பது ரூபாயும் பத்து ரூபாயும் ஆகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இரண்டு சீட்டுகளிலும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருக்கின்றன. ஆகவே இரண்டாவது சீட்டு புதிதாக எதையும் சொல்லவில்லை. முதல் சீட்டில் சொன்னதையே சற்றுக் குறைத்துச் சொல்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒரு கிலோ வெங்காயமும் ஒரு கிலோ உருளைக்கிழங்கும் சேர்ந்து 61 ரூபாய் என்று வரும் (சரியான தொகை 62). இந்த 61 நம்பத்தக்கதுதான். ஆனால் அதை ஒன்பதால் பெருக்கி 590-இலிருந்து கழித்துத்தான் வெங்காயத்தின் விலையைத் தனியே எடுக்கிறோம். பெருக்கும்போது ஒரு ரூபாய்ப் பிழை ஒன்பது ரூபாயாகிறது. வரைபடத்தில் வரைந்தால் இரண்டு நேர்கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததுபோலவே தோன்றும். எந்த இடத்தில் வெட்டுகின்றன என்று கூர்மையான பென்சிலாலும் காட்ட முடியாது.

தீர்வு எளிது. ஒருவேளை வெங்காயத்தை அதிகமாகவும் மறுவேளை உருளைக்கிழங்கை அதிகமாகவும் வாங்குங்கள். காலையில் 9 கிலோ வெங்காயம், 2 கிலோ உருளைக்கிழங்கு. மாலையில் 2 கிலோ வெங்காயம், 9 கிலோ உருளைக்கிழங்கு என்று வைத்துக்கொள்வோம். சரியான தொகைகள் 348-உம் 334-உம். மாலைச் சீட்டில் அதே ஒரு ரூபாய் கூடி 335 என்று எழுதியிருந்தாலும், வெங்காயத்தின் விலையில் 3 பைசாவும் உருளைக்கிழங்கின் விலையில் 12 பைசாவும்தான் ஏறத்தாழ மாறும். இதைவிடவும் எளிய தீர்வு, விலையை நேரில் கேட்பது. அதைத் தாங்கள் முன்பே செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விகிதம் முற்றிலும் ஒன்றாகவே இருந்தால் நிலைமை வேறு. 10 கிலோவும் 9 கிலோவும் 590, 20 கிலோவும் 18 கிலோவும் 1,180 என்றால் இரண்டும் ஒரே சமன்பாடு. எண்ணற்ற விடைகள் பொருந்தும். இரண்டாவது 1,150 என்று இருந்தால் எந்த விடையும் பொருந்தாது. பாடநூல் இதை ‘ஒருங்கமைவற்றது’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். மண்டியில் அதற்கு அர்த்தம் உண்டு: அதிகம் வாங்கியதற்கு 30 ரூபாய் தள்ளுபடி கொடுத்திருக்கிறார்கள், அல்லது விலை இறங்கியிருக்கிறது.

கேள்வி: கடைச் சீட்டின் மேல்பகுதி கிழிந்துவிட்டது. வரிக்கு முந்தைய மொத்தம் 2,000 ரூபாய், சரக்கு மற்றும் சேவை வரி மொத்தம் 256 ரூபாய் என்பது மட்டும் தெரிகிறது. சில பொருள்களுக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம். எது எவ்வளவு என்று காண முடியுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முடியும். 5 சதவீத வரிப் பொருள்களின் தொகை க, 18 சதவீத வரிப் பொருள்களின் தொகை ப எனில் க + ப = 2,000; 5க + 18ப = 25,600. இரண்டாவது சமன்பாட்டை நூறால் பெருக்கி எழுதியிருப்பதால் தசமப் புள்ளிகள் தொல்லை தராது. முதலாவதை 18-ஆல் பெருக்கிக் கழித்தால் 13க = 10,400; க = 800, ப = 1,200. வரி 40-உம் 216-உம் சேர்ந்து 256. சீட்டில் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு சம பாதிகளாகப் பிரித்துப் போட்டிருந்தால், இரண்டையும் கூட்டிய பிறகே 256 என்று எழுத வேண்டும். ஒரு பாதியை மட்டும் எடுத்து முழுச் சதவீதத்தோடு சேர்த்தால் எதிர்மறை விலை வரவும் வாய்ப்புண்டு.

கேள்வி: மூன்று பொருள்களின் விலை தெரியாது; சீட்டுகள் இரண்டுதான் உள்ளன. மூன்று மாறிகளுக்கு மூன்று சமன்பாடுகள் வேண்டும் என்பதால் இக்கணக்கை விட்டுவிட வேண்டியதுதானா? போட்டித் தேர்வு ஒன்றுக்கான பயிற்சித் தாளில், ‘3 நோட்டு, 5 பேனா, 1 வடிவியல் பெட்டி 260 ரூபாய், 4 நோட்டு, 7 பேனா, 1 வடிவியல் பெட்டி 320 ரூபாய், ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்க எவ்வளவு ஆகும்?’ என்று கேட்டிருந்தார்கள்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: விட்டுவிட வேண்டாம், கேள்வியை இன்னொருமுறை படியுங்கள். தனித்தனி விலையை அவர்கள் கேட்கவில்லை, மூன்றின் கூட்டுத்தொகையைக் கேட்கிறார்கள். முதல் சீட்டை மூன்று மடங்காக்குங்கள்: 9 நோட்டு, 15 பேனா, 3 பெட்டி, 780 ரூபாய். இரண்டாவதை இரண்டு மடங்காக்குங்கள்: 8 நோட்டு, 14 பேனா, 2 பெட்டி, 640 ரூபாய். கழித்தால் ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு பெட்டி, 140 ரூபாய். மூன்றையும் இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பெட்டி இரு சீட்டிலும் ஒன்று என்பதால் மடங்குகளின் வித்தியாசம் ஒன்றாக இருக்க வேண்டும். நோட்டைப் பார்த்தால் 3, 4 என்பவற்றிலிருந்து ஒன்று மிஞ்ச வேண்டும். அது மடங்குகளை நிர்ணயித்துவிடும். பேனாவும் அதற்கு ஒத்துவருவது கணக்கை அமைத்தவரின் சாமர்த்தியம். ஒத்துவராவிட்டால் கூட்டுத்தொகையையும் காண இயலாது.

தனித்தனி விலைகள் நிச்சயமாகத் தெரியாதவை. நோட்டு 40, பேனா 10, பெட்டி 90 என்றாலும் இரு சீட்டுகளும் பொருந்தும்; நோட்டு 30, பேனா 15, பெட்டி 95 என்றாலும் பொருந்தும். இரண்டிலும் கூட்டுத்தொகை 140 என்பதைக் கவனியுங்கள்.

சமன்பாடு குறைவாக இருந்தும் விடைகள் எண்ணி அடங்குகிற வகை ஒன்றும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் சீனத்தில் சாங் சியூச்சியன் எழுதிய கணித நூலின் கணக்கு இது: சேவல் ஒன்று 5 நாணயம், பெட்டைக்கோழி ஒன்று 3 நாணயம், குஞ்சுகள் மூன்று சேர்ந்து 1 நாணயம், 100 நாணயத்துக்கு 100 பறவைகள் வாங்க வேண்டும். மாறிகள் மூன்று, சமன்பாடுகள் இரண்டு. ஆனால் பறவையை வெட்டி விற்க முடியாது என்பது எழுதப்படாத மூன்றாவது நிபந்தனையாக நிற்கிறது. சேவல் 4, பெட்டை 18, குஞ்சு 78. சேவல் 8, பெட்டை 11, குஞ்சு 81. சேவல் 12, பெட்டை 4, குஞ்சு 84 என்று மூன்று விடைகளை அந்நூல் தருகிறது. சேவலே வாங்காமல் 25 பெட்டைகளும் 75 குஞ்சுகளும் வாங்குவது நான்காவது விடை. இதுபோன்ற கணக்கு தேர்வில் வந்தால், முதலில் குஞ்சுகளின் எண்ணிக்கையை நீக்கி 7க + 4ப = 100 என்ற ஒரே சமன்பாட்டுக்கு வந்துவிடுங்கள்; க சேவல்களின் எண்ணிக்கை, ப பெட்டைகளின் எண்ணிக்கை. 100-உம் 4ப-வும் நான்கால் வகுபடுவதால் சேவல்களின் எண்ணிக்கையும் நான்கால் வகுபட்டே தீர வேண்டும். அதன்பின் சோதித்துப் பார்க்க வேண்டியவை 0, 4, 8, 12 ஆகிய நான்கு எண்கள் மட்டுமே; 16 என்று வைத்தால் 7க மட்டுமே 112 ஆகி 100-ஐத் தாண்டிவிடும்.